தும்மக் கூடாத தெரு

மூக்கைச் சுற்றி ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டுதான் செல்லதுரை மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குள் நுழைகிறார். காலை எட்டு மணி. இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, விரல்களை விரித்து, மருதாணி காயாத பெண்பிள்ளை மாதிரி நடந்து வருகிறார். வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுவார். கை தர மாட்டார். சைக்கிள் எதிரே வந்தால் ஓரமாக நின்று, சைக்கிள் போய், அது கிளப்பின தூசியும் போன பிறகுதான் அடுத்த அடி. கேபிள் ஒட்டுகிறவர் என்று டெலிபோன் இலாகாவின் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. நடையைப் பார்த்தால் கருவறைக்குள் போகிறவர் என்று தோன்றும்.

அவரைப் பற்றித் தெருவில் ஒரு வதந்தி கிளம்பியிருந்தது. மிளகு புடைக்கக் கூடாது என்று செல்லதுரை கவர்மெண்டு ஆர்டர் வாங்கிவிட்டார். சாயாக்கடையில் அது எட்டு நாள் தடையாக இருந்தது. அரிசி மண்டியில் பதினைந்து நாளாயிற்று. படகுத் துறைக்குப் போனபோது ஒரு மாதம், மீறினால் ஜெயில். கூவப்பாடத்துக் குழாயடிக்கு வந்து சேர்வதற்குள், மிளகுத் தூசி பட்டால் புதுக் கேபிள் வெடிக்கும், தீ பாலம் தாண்டி எர்ணாகுளம் வரைக்கும் ஓடும் என்றாகிவிட்டது.

மாயம்மாள் குடத்தைப் பாதியிலேயே குழாயடியில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். வதந்தியைத் தீர விசாரிக்க வேண்டிய அவசியம் அந்தத் தெருவில் வேறு யாரையும்விட அவளுக்கு அதிகம். பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிட்டங்கியின் முற்றத்தில் புடைக்கிறவர்கள் அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள்; அவள்தான் தலைவி. பதினேழு வருஷமாக முறமும் சல்லடையும். எட்டயபுரத்துப் பக்கமிருந்து புருஷனோடு வந்தவள். புருஷன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறார். கோவில்பட்டிக்காரரான செல்லதுரைக்கும் அவர்களுக்கும் லைன் வீட்டில் ஒரே சுவர். அவள் புருஷனை அவர் அண்ணாச்சி என்பார். ஆகவே இவள் மதினி. இந்த முறையினால் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம், அவரைத் திட்டுகிற உரிமை.

வதந்தி பொய்யென்றால் சிரித்துவிட்டு முறத்தை எடுக்கலாம். நிஜமென்றால் எடுக்க முறமே இருக்காது. கிட்டங்கிச் சேட்டு ஆறு மாதமாக ஆலுவாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அங்கே யாரோ மிளகு புடைக்கிற மெஷின் வைத்திருக்கிறார்களாம். ஒரு பக்கம் மூட்டையைக் கொட்டினால் மறுபக்கம் கல் வேறு, குச்சி வேறு, பதர் வேறாகக் கொட்டுமாம். சாயா கேட்காதாம். எட்டு நாள் முற்றத்தை மூடினால் வெள்ளிக்கிழமைக் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு லாரியேறி ஆலுவா போகும். சரக்கு திரும்பி வரும். வேலை வராது.

கிட்டங்கிச் சுவரை ஒட்டி, தோண்டின குழிக்கு மேலே, டெலிபோன்காரர்களின் நீலத் தார்ப்பாய்க் கூடாரம் நின்றது. நாலு பக்கமும் ஊக்குப் போட்டு மூடியிருந்தது.

"ஏ தொரை, உள்ள இருக்கியா?"

"மதினி! அங்கனயே நில்லுங்க! சேலையை உதறாதீங்க!"

"சேலையை ஏன் உதறப் போறேன்? உன்னைய உதறத்தான் வந்திருக்கேன்."

"முடிய முடிஞ்சுக்கிடுங்க. முந்தானையை இடுப்புல செருகுங்க. செருப்பு வெளிய. மூச்சு..."

"மூச்சையும் வெளிய வச்சுட்டு வரணுமா?"

"மெதுவா விட்டாப் போதும்."

செல்லதுரை பிறவியிலேயே இப்படியில்லை. பத்தொன்பது வருஷம் செம்புக் கம்பியோடு குழிக்குள் கிடந்த மனுஷன். வாயில் வெற்றிலை, காதில் பீடி, உருக்கின ஈயத்தை வெறும் துணியால் வழித்து விடுகிற கை. மழைநாளில் நானூறு ஜோடிக் கம்பியை உப்புத் தண்ணீரிலிருந்து தூக்கி மெழுகில் முக்கி, சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு சாயாவுக்குப் போவார். போன தை மாதம் இலாகா அவரை வடக்கே ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பியது. ரயிலேறியவர் ஒருவர், இறங்கியவர் வேறொருவர். மீசை இல்லை, முடி உதிருமாம். வெற்றிலை இல்லை, பீடி இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை, முகத்துக்குப் பவுடர் இல்லை. நகத்தைத் தினம் வெட்டுகிறார், வெட்ட ஒன்றும் இல்லாத நாளிலும். வீட்டில் கடுகு தாளித்தால் எழுந்து தெருவுக்குப் போய் நிற்கிறார். அவர் பெண்டாட்டி மாடத்தி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாயம்மாளிடம் முறையிட்டது இது: "சபரிமலைக்கு மாலை போட்டவுககூட நாப்பத்தொரு நாள்ல கழட்டிருவாக அக்கா. இவுக கழட்டவே மாட்டேங்காக."

இந்த விரதமெல்லாம் ஒரு கண்ணாடி நூலுக்காக. கூடாரத்துக்குள் அவர் அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே காட்டினார்.

"தெரியுதா மதினி?"

"ஒண்ணும் தெரியல."

"அதான்!" என்றார், மகனுக்கு முதல் மார்க்கு வந்த அப்பாவின் முகத்தோடு. "தலைமுடி மாதிரி கண்ணாடி. இதுல ஒரு பக்கம் வெளிச்சம் விட்டா எறணாகுளத்துல மறுபக்கம் வெளிய வரும். நம்ம பேச்சை வெளிச்சமாக்கி, ஏத்தி அணைச்சு ஏத்தி அணைச்சு அனுப்புதோம். ஒரு செகண்டுக்கு மூணு கோடித் தடவை."

"பாலம் வளைஞ்சுல்ல போகுது. வெளிச்சம் எப்படி வளையும்?"

"உள்ள சுவர்ல மோதும், திரும்பும். மறுபடி மோதும், திரும்பும். வெளிய போக வழியே கெடையாது. நம்ம லைன் வீட்டுச் சந்துல மாட்டுன ஆடு மாதிரி, முன்னாலதான் போயாகணும்."

"எத்தனை பேரு பேசலாம் இதுல?"

"நானூத்தி எம்பது பேரு. ஒரே சமயத்துல."

"குழாயடியில பன்னெண்டு பேரு பேசுனாலே ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு."

"இதுல ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குக் கேக்கவே கேக்காது மதினி!"

"அப்புறம் எதுக்குப் பேசுறது?" என்றாள் மாயம்மாள்.

கூடாரத்தின் மூலையில் ஒரு முக்காலியில், தலையைக் கையில் தாங்கியபடி, மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெங்கிடாசலம், ஜூனியர் எஞ்சினியர். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற குடும்பம். மூக்குப்பொடி போடுகிறவர். அவருடைய பொடி டப்பாவை முதல் நாளே செல்லதுரை பறித்து, கைக்குட்டையில் மூட்டை கட்டி, கூடாரத்துக்கு வெளியே கம்பத்தில் தொங்கவிட்டுவிட்டார். கீழே வேலை செய்கிற ஆள் மேலதிகாரியின் பொடியைப் பறிமுதல் செய்தது இலாகா சரித்திரத்தில் அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். நாலு நாளாகப் பொடி இல்லாமல் அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"நீங்களாவது சொல்லுங்கோம்மா," என்றார் அவர். "நாலு நாளாச்சு. ஆறு நூல். நாலு நாளிலே ஒரு கல்யாணத்தையே நடத்தி சம்பந்தி சண்டையையும் முடிச்சிருக்கலாம். இவர் ஆறு நூலைச் சேத்து வைக்க மாட்டேங்கறார்."

"ஒட்டத்தானே செய்யுதேன் சார். நிக்க மாட்டேங்கு."

"பாலத்துக்கு அந்தண்டை பத்து ஒட்டுப் போட்டீரே ஓய், எல்லாம் பொன்னு மாதிரி நின்னுதே. இங்கே எந்தா கேடு?"

"அங்க காத்து சுத்தம். இங்க மிளகு."

வெங்கிடாசலத்தின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. காயலுக்கடியில் போன பழைய செம்புக் கேபிளில் உப்புத் தண்ணீர் இறங்கி இரண்டு வருஷம். புதுக் கேபிள் வரும் வரைக்கும் சமாளிக்க என்று எக்ஸ்சேஞ்சு மொட்டைமாடியில் ஒரு ரேடியோக் கிண்ணம், எதிர்க்கரையில் இன்னொரு கிண்ணம். கம்பியில்லை, குழியில்லை, தோண்ட வேண்டியதில்லை. இரண்டு கிண்ணமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் நடுவில் தீவு, தீவில் துறைமுகம், துறைமுகத்தில் கப்பல். உயரமான கப்பல் ஒன்று குறுக்கே வந்து நின்றால் மட்டாஞ்சேரியின் பேச்சு காற்றிலேயே அறுந்துவிடும். சேட்டு பம்பாய்க்கு "கிலோ நாப்பத்தி..." என்று சொல்லும்போது பனாமாக் கொடியோடு ஒரு கப்பல் நங்கூரம் போடும். பம்பாய்க்காரன் மீதியைத் தன் சௌகரியப்படி கேட்டுக்கொள்வான்.

ஆகையால் சேட்டு கத்துவார். அவர் கத்துகிற கத்தலுக்குப் போனே தேவையில்லை. ஜன்னலைத் திறந்தால் பம்பாய்க்குக் கேட்கும். மிளகு என்ன விலை, எந்தக் கப்பல் எந்தக் கிழமை, எத்தனை மூட்டை என்பதெல்லாம் தெருவில் யாருக்கும் ரகசியமில்லை. எந்த நாள் வேலை உண்டு, எந்த நாள் இல்லை என்பதை மாயம்மாளும் மற்றப் பெண்களும் இந்த இலவச ஒலிபரப்பிலிருந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

"தெருவுல ஒரு பேச்சு நடக்கு தொரை. ஆர்டர் வாங்கிட்டியாமே?"

செல்லதுரை நூலின் பக்கம் திரும்பிக்கொண்டார். வெங்கிடாசலம் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஆர்டர் என்று ஒன்று இல்லை. இருந்தது ஒரு விண்ணப்பம். செல்லதுரையே இங்கிலீஷில் எழுதியது, ஏழு ஷரத்துகள். எட்டு நாளைக்குத் தெருவில் மிளகு புடைப்பதை நிறுத்த வேண்டும் என்பது முதலாவது. மூன்றாவதில் வறுத்தல், தாளித்தல். ஐந்தாவதில் பாதசாரிகள் செருப்பைத் தேய்த்து நடத்தல். ஏழாவதில், சந்தர்ப்பம் கருதித் தும்முதல். அடியில் வெங்கிடாசலம் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே அவர் பெயரையும் செல்லதுரையே அழகாக எழுதியிருந்தார்.

"கையெழுத்து ஆயிட்டா சாமி?" என்றாள் மாயம்மாள்.

"பேனாவைத் திறந்து வெச்சுண்டு நேத்தியிலேர்ந்து உக்காந்திருக்கேன். போட்டா திறப்பு விழா எட்டு நாள் தள்ளிப் போகும், எறணாகுளத்திலே என்னைக் கொன்னுடுவா. போடலைன்னா ஒட்டு நிக்காது, அப்பவும் கொன்னுடுவா."

"போட்டா எங்க பன்னெண்டு பேரையும் ஆலுவா மெஷினு கொன்னுரும். அதையும் சேத்துக் கணக்குப் பண்ணுங்க." அவள் செல்லதுரையைப் பார்த்தாள். "ஏ, நான் பாக்க ஒருதரம் ஒட்டு."

செல்லதுரை ஒட்டினார். அதில் குற்றம் சொல்ல முடியாது. நூலின் மேல்தோலைச் சீவியெடுத்த விதம், கொசுவலைக்குள் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி இருந்தது. ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைவெளேரென்று மடித்த துணியை எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்து, நூலைத் துடைத்தார். வைரக் கத்தியால் நுனியைச் சுண்டி வெட்டினார். இரண்டு நுனிகளையும் ஒட்டு மெஷினின் பள்ளத்தில் எதிரெதிரே வைத்து, பூதக்கண்ணாடிக் குழாயில் ஒற்றைக் கண்ணைப் பதித்து, மூச்சை இழுத்து நிறுத்தி, பொத்தானை அமுக்கினார். ஊசிமுனை அளவு ஒரு நீலப்பொறி. கண்ணாடி உருகிக் கண்ணாடியோடு சேர்ந்தது. சேர்ந்த இடத்தில், குழாய்க்குள் பார்த்தால், ஒரு குமிழி.

எக்ஸ்சேஞ்சில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் குரல் வெங்கிடாசலம் வயர் இழுத்து மாட்டியிருந்த சோதனைப் போனில் கரகரத்தது: "போயி சாரே, போயி."

"ஒட்டுல வெளிச்சம் ஒழுகுது," என்றார் செல்லதுரை. "பாத்தீகளா மதினி? மிளகு! உங்க மிளகு!" இதைச் சொன்ன வேகத்தில் அவருக்கு ஒரு தும்மல் வந்தது. அடக்கினார். இரண்டாவது அடங்கவில்லை.

"இப்பத் தும்முனது யாரு?"

"அது... ஸ்பிரிட்டு வாடை."

"எங்க முத்தத்துல பன்னெண்டு பேரு இருக்கோம். பதினேழு வருஷத்துல ஒருத்தி தும்மி நீ கேட்டிருக்கியா? மிளகு எங்க வேலைடா, எங்களுக்கு அது மூக்குல ஏறாது. ஊருக்கே தும்மலு ஒருத்தனுக்குத்தான் வருது, அவன்தான் தும்மக் கூடாதுன்னு மனு எழுதுதான்."

வெங்கிடாசலம் நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். மாயம்மாள் சிரிக்கவில்லை. அவள் கண் மெஷினில் இல்லை, துணியில் இருந்தது. பிழைப்பே தூசியோடு என்றாகிவிட்ட பிறகு, பார்வை தானாக அங்கேதான் போகும்.

"இந்தத் துணி ஏது?"

செல்லதுரையின் முகம் மலர்ந்தது. கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி. "இலாகாவுல ஒரு காகிதம் குடுத்தாக, பெட்டி பெட்டியா. எனக்குப் பிடிக்கல. எங்கெங்க யாரு யாரு கை பட்டதோ. நானே என் மல்லு வேட்டியைக் கிழிச்சு, சவுக்காரம் போட்டு, மூணு தண்ணியில அலசி, வெயில்ல காயப்போட்டு எடுக்கேன். தினம் தினம் புதுசு."

"எங்க காயப்போடுத?"

"இந்தா, பக்கத்துச் சுவருக்குப் பின்னால. நல்ல வெயிலு, நல்ல காத்து."

"பாலத்துல வேலை செய்யறச்சே?" என்று கேட்டார் வெங்கிடாசலம், மெதுவாக எழுந்துகொண்டே.

"பாலத்துக் கைப்பிடியில போட்டேன்."

மாயம்மாள் டப்பாவிலிருந்து உலர்ந்த துணி ஒன்றை எடுத்தாள். செல்லதுரை 'ஐயோ' என்று வாயைத் திறப்பதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். மூட்டைக்குள் கையை விட்டு, எந்த மலைச் சரக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற விரல்கள் அவை. தேய்த்த விரலை நாக்கு நுனியில் வைத்தாள்.

"மிளகுன்னா எரியும். இது எரியல. நாக்கைப் பிடிச்சு இழுக்குது." இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள். "சுண்ணாம்பு."

பக்கத்துச் சுவருக்குப் பின்னால் இருப்பது மாயம்மாளின் முற்றமில்லை. சுக்குக் கிட்டங்கியின் முற்றம். வெளிநாட்டுக்குப் போகிற சுக்கு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று, சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கியெடுத்துப் பாயில் பரப்பி உலர்த்துவார்கள். உலர்ந்ததைச் சாக்கில் போட்டு இரண்டு ஆள் பிடித்து உருட்டுவார்கள். அதிலிருந்து எழும்புகிற வெள்ளை மாவு, நல்ல வெயிலில், நல்ல காற்றில், செல்லதுரையின் கொடியில் தினம் தினம் புதுசாக இறங்கிக்கொண்டிருந்தது.

"நீ கண்ணாடியைத் துடைக்கலடா தொரை," என்றாள் மாயம்மாள். "வெள்ளையடிச்சிருக்க."

மற்ற யாராக இருந்தாலும் இந்த இடத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். செல்லதுரை துணியைப் பூதக்கண்ணாடிக் குழாய்க்கடியில் வைத்து மூன்று நிமிஷம் பார்த்தார். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிஷம். பிறகு நிமிர்ந்தார்.

"கொஞ்சம் இருக்கு," என்றார். "ஆனா மிளகு அறவே இல்லேன்னும் சொல்ல முடியாது."

வெங்கிடாசலம் வெளியே போய், கம்பத்திலிருந்து தன் பொடி மூட்டையை அவிழ்த்து, ஆற அமர ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, மூக்கைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். இலாகாக் காகிதப் பெட்டியை உடைத்து மெஷினுக்குப் பக்கத்தில் ஓங்கி வைத்தார். "இதிலே துடையும். இப்பவே. ஆறு நூலும்."

"துடைக்கேன் சார். ஆனா ரெண்டு மணிக்கூர் மதினியோட முத்தம் அசையாம இருக்கணும்."

"தொரை! சுண்ணாம்புன்னு இப்பத்தானே..."

"சுண்ணாம்புதான் மதினி. ஒத்துக்கிடுதேன். ஆனா அந்தப் பக்கம் முறம் தட்டுற சத்தம் கேட்டா எனக்கு மனசு நடுங்குது. மனசு நடுங்குனா கை நடுங்கும்." அவர் கையை நீட்டினார். பத்தொன்பது வருஷம் ஈயத்தை வழித்த கை. "இந்த செக்சன்ல கண்ணாடி ஒட்டுறதுக்கு அனுப்புன மொத ஆளு நான். என்னால முடியலன்னா, குழிக்காரனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு வெளியூர்லருந்து ஒரு பொடிப்பயலைக் கொண்டாருவாக. நாலு நாளா உறக்கமில்ல."

எரிச்சலூட்டுகிற மனிதர்களின் பெரிய அக்கிரமம் இதுதான். நாம் நன்றாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து, கோபப்பட முடியாத ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். மாயம்மாள் அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு வெங்கிடாசலத்தின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அதைக் கிழிங்க சாமி மொதல்ல."

கிழித்தார். நாலாக, எட்டாக.

"ரெண்டு மணிக்கூர் நாங்க உக்காந்தா வெள்ளிக்கிழமைக்கு மூணு மூட்டை குறையும். அதை யாரு புடைப்பா? உங்க மந்திரியா?"

"நான் புடைக்கேன் மதினி," என்றார் செல்லதுரை. "அந்த ரெண்டு மணிக்கூரையும் நானே வந்து முறம் பிடிச்சுத் தாரேன். இந்த மெஷின் மேல சத்தியம்."

இப்படியாக, எண்பத்தெட்டாம் வருஷம் ஒரு புதன்கிழமை, பத்து மணியிலிருந்து மட்டாஞ்சேரியின் ஒரு மிளகு முற்றத்தில் பன்னிரண்டு பெண்கள் மடியில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கிட்டங்கி மூப்பன் வந்து எட்டிப் பார்த்து, "எந்தா, சமரமோ, ஸ்ட்ரைக்கோ?" என்று கேட்டான். "டெலிபோனு வேலை," என்றாள் மாயம்மாள். இருக்கிறவர்களில் இளையவள் சந்தனமாரி, போன வருஷம் சங்கரன்கோவிலிலிருந்து வந்தவள், நெளிந்தாள்.

"அக்கா, மூக்கு அரிக்கு."

"அரிச்சா அரிக்கட்டும். நீ இப்பக் கவர்மெண்டு உத்தியோகத்துல இருக்க."

"சம்பளம்?"

"அதெல்லாம் கேட்டா உத்தியோகம் போயிரும்."

முதல் நூல் நின்றது. இரண்டாவதும் நின்றது. சோதனைப் போனில் எக்ஸ்சேஞ்சுக் குரல் ஒவ்வொன்றுக்கும் "ஓக்கே சாரே" என்றது; நாலாவதுக்கு "கலக்கி" என்றது. ஆறாவது நூல் ஒட்டி முடிந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் பாக்கியிருந்தது. அந்தப் பத்து நிமிஷத்தையும் செல்லதுரை விடவில்லை. ஒட்டுப் பெட்டியைத் துடைக்க வேண்டும், யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று கூடாரத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

பெண்கள் அன்றைக்கும் மறுநாளும் மத்தியானச் சோற்றை நின்றபடி தின்று, குறைந்துபோன மூன்று மூட்டையையும் புடைத்துத் தீர்த்தார்கள். வெள்ளிக்கிழமை லாரி துறைமுகத்துக்குப் போயிற்று. ஆலுவாவுக்குப் போகவில்லை. இலாகாவின் விழாவும் நடந்தது. எர்ணாகுளத்தில் பெரிய மனிதர் ஒருவர் போனை எடுத்து மட்டாஞ்சேரியிடம் சௌக்கியமா என்று கேட்க, மட்டாஞ்சேரி சௌக்கியம் என்றது. இரண்டு கரையிலும் கைதட்டினார்கள். நடுவில் ஒரு கப்பல் நின்றிருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அப்புறம்தான் தெரு செவிடாயிற்று.

கண்ணாடி நூல் வந்த பிறகு சேட்டு கத்துவதில்லை. கத்த வேண்டியதில்லை. பம்பாய்க்காரன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி கேட்கிறதாம். சேட்டு இப்போது போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, காதலிக்கிறவன் மாதிரி முணுமுணுக்கிறார். சில சமயம் தனக்குள் சிரிக்கிறார். என்ன விலை, எந்தக் கப்பல், எத்தனை மூட்டை என்று பஜார் ரோட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை. லாரி வந்து நின்றால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. அவர் முணுமுணுப்பது பம்பாய்க்கா ஆலுவாவுக்கா என்று மாயம்மாள் ஜன்னலுக்கடியில் முறத்தைத் தட்டாமல் நின்றுகூடப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை.

இதைச் சொன்னபோது செல்லதுரை புளகாங்கிதம் அடைந்தார். "ஒரு சொட்டு ஒழுகல பாத்தீகளா மதினி! அதுதான் நம்ம ஒட்டு!"

இரண்டு மணி நேர பாக்கியை அவர் மறுத்ததில்லை. அதுதான் தாங்க முடியாதது. மறுத்தால் சண்டை போட்டு முடித்துவிடலாம். மாதக் கணக்காகி, மழை வந்து, நின்று, அடுத்த அறுவடை மிளகும் வந்தாயிற்று. முதலில் கைக்கு ஓய்வு தரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அப்புறம், முறம் பிடித்தால் உள்ளங்கை காய்த்துவிடும், காய்த்த கைக்கு நூல் தெரியாது என்றார். இலாகாவில் எழுத்து மூலம் அனுமதி கேட்டிருப்பதாகவும் ஒரு தடவை சொன்னார், கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. சந்தனமாரி இப்போது அவரை "பன்னெண்டு முறத்துக் கடன்காரரு" என்றுதான் சொல்கிறாள். அவர் காதுபடவே சொல்கிறாள். அவரும் ஆமாம் என்று தலையாட்டுகிறார்.

போன சனிக்கிழமை சாயங்காலம் அவராகவே முற்றத்துக்குள் வந்தார். எல்லோரும் ஒரு கணம் நிமிர்ந்தார்கள். வந்தவர் வரிசைக் கடைசியில் ஒரு வெறும் சாக்கை நாலு தடவை உதறி, எட்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு சந்தோச சமாச்சாரம் மதினி. அடுத்த லைனு போடப் போறாக. இங்கருந்து நேரா ஆலுவாவுக்கு. ஒட்டுறது நான்தான். இனிமே ஆலுவாவுக்குப் பேசுனாலும் இதே மாதிரி ஒரு சொட்டு ஒழுகாம..."

மாயம்மாள் சுவரில் சாய்த்திருந்த ஒரு முறத்தை எட்டி எடுத்து அவருக்கு முன்னால் வைத்தாள். தன் முறத்தில் இருந்த மிளகில் சரிபாதியை அதில் கொட்டி, விரல் நுனியால் அவருடைய முழங்கால் வரைக்கும் தள்ளிவிட்டு, மிச்சத்தைப் புடைக்க ஆரம்பித்தாள்.